கொசுவலைக்குள் பூசணிக்கொடி

எதிர்வீட்டுப் பிரவீனா மொட்டைமாடியில் திருஷ்டிப் பூசணிக்கொடி வளர்த்தாள். ஆயுத பூஜைக்குப் புருஷன் சபரீஷின் லேத் பட்டறையில் உடைக்கப்போவது சொந்தக் காய்தான் என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. மொட்டு விட்டதுமே, என் கண் பட்டுவிடும் என்று கொடியைச் சுற்றிக் கொசுவலை கட்டினாள். திருஷ்டி கழிக்கிற காய்க்கே திருஷ்டியாம்! பூக்கள் பூத்தன, பிஞ்சுகளோ மஞ்சளாகி உதிர்ந்தன. பழி எனக்கு.

வலை கட்டினால் நான் பார்க்காமல் இருப்பேனா? காலையில் என் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தேனீக்கள் வலையில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க பிரவீனா, வலையைக் கழட்டுங்க! ஆண்பூவுல இருந்து பொண்பூவுக்கு மகரந்தம் கொண்டுபோற தேனீயை வெளிய நிறுத்திப்போட்டீங்களே!"

"நெசமாவாங்கக்கா?" என்று ஓடிவந்தவள் வலையைக் கிழித்தே எறிந்தாள். ஒரு தேனீ ஆண்பூவில் புரண்டது. உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு, அடியில் பிஞ்சு தாங்கிய பூவுக்குள் நுழைந்தது. இரண்டு மாடியிலும் ஒரே கூச்சல்!

அந்தப் பிஞ்சு உதிரவில்லை. குடம்போலப் பருத்தது.

ஆயுத பூஜையன்று பட்டறை வாசலில் அதைச் சுற்றுவதற்கு முன் பிரவீனா என்னைக் கூப்பிட்டாள்.

"முன்னால வந்து நில்லுங்கக்கா. உங்க கண்ணு படலீன்னா இது காய்ச்சே இருக்காதுங்க!"