தூக்கத்தில் ஏறும் துடிப்பு

அப்பாவின் நுரையீரலில் வந்த தொற்று இதயத்தையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது. பிழைத்ததே பெரிது என்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிட்டிருந்தார்கள். அவர் துடிப்பு அம்மாவின் போனில் எண்ணாகத் தெரியும்.

தூங்கும்போது இதயம் மெதுவாகத் துடிக்க வேண்டும், அதற்குக் கிடைக்கும் ஓய்வே அதுதான் என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு எண் இறங்கும். பிறகு திடீரென்று எகிறும். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் வேறு மாத்திரை கொடுக்க வேண்டும், அது தலைசுற்றல் தரும், பஸ் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

பார்க்க வந்த கண்டக்டர் மாமா, "என்னண்ணே, வண்டிய ஓரங்கட்டிட்டும் ஆக்சிலேட்டர மிதிக்கிறீங்களாமே?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். மாமா போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா முன்னறையில் ஒரு கடைக்காகத் துணி இஸ்திரி போடுவாள். நாலு சட்டை முடிந்தால் போதும், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போவாள். விரலின் பின்பக்கத்தை அவர் மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். மூச்சு பட்டதும் திரும்பி வருவாள்.

ஒரு மத்தியானம் நான் அப்பாவின் அறை வாசலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண் நன்றாக இறங்கியிருந்தது. அம்மா வந்தாள். அவள் கட்டிலை நெருங்குவதற்கு முன்பே எண் ஏறத் தொடங்கியது. அப்பாவின் இமைகூட அசையவில்லை. அம்மா போனதும் மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து நானும் உள்ளே நடந்து பார்த்தேன். ஏறியது.

அப்பா எழுந்ததும், நாங்கள் வந்தால் எண் ஏன் ஏறுகிறது என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில யார் நடந்து வந்தாலும் ஊசிதான். காலடி கேட்டாலே உடம்பு தானா முழிச்சுக்குது. கண்ணத் திறந்தா அம்மா பதறுவா, அதனால தூங்குற மாதிரியே இருந்துடுறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாத பாப்பா. ராப்பகலா பாத்துக்கிட்டவள, எல்லாம் உன்னாலதான்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

டாக்டரிடம் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு யாரிடமும் பேச்சு சுலபமாக வராது. மறுநாள் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கோபப்படவில்லை. சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஆஸ்பத்திரியில ஒரே ஒரு தரம் அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா கட்டிலச் சுத்தி டாக்டருங்க நிக்கிறாங்க. நான் தூங்கினதாலதான் அப்படி ஆச்சோன்னு இன்னும் இருக்கு. போய்ப் பாக்காம எப்படிடி இருப்பேன்?"

"பக்கத்துலயே படுத்துக்கோம்மா. அப்புறம் எதுக்கு நடந்து வரணும்?"

"படுத்தா தூங்கிடுவேன்."

"தூங்கு."

முறைத்தாள். ஆனாலும் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா கண்ணைத் திறந்து, இன்றைக்குக் கடைக்காரன் ஆள் அனுப்பவில்லையா என்று கேட்டார். அதெல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் தள்ளிப் படுங்கள் என்றாள். அவர் தள்ளிப் படுத்தார். அம்மா விறைப்பாக, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை தானாக அவர் மார்பின் மேல் விழுந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

போனில் எண் இறங்கியது. மறுபடி எகிறாமல் இறங்கிய இடத்திலேயே நின்றது.

பின்மத்தியான வெயில் கட்டிலின் கால்வரை வந்துவிட்டது. இரண்டு பேரிடமும் அசைவே இல்லை. போய் இருவர் மூக்கருகிலும் விரலை வைத்துப் பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். ஒரு கால் நிலைப்படியைத் தாண்டியும் விட்டது.

அந்தக் காலைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.