காளையின் பாதித் தட்டு

"தட்டு காலி, நோலீன். வார்விக்கோட காளை மாட்டிக்கிச்சு," என்றாள் டெஸ். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டெஸ் என்னோடு கால்நடை லேபில் வேலை பார்ப்பவள். மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் க்ளெமின் அண்ணன் மகள். இந்த வருஷம் க்ளெமின் பசுக்களில் பாதிக்குக் கரு தங்கவில்லை. பக்கத்துப் பண்ணை வார்விக்கின் காளைதான் வேலி தாண்டி வந்து நோயைக் கொடுத்தது என்று எங்கள் ஊர் ரோமா முழுக்கச் சொல்லித் திரிகிறான் க்ளெம். தாண்டவே இல்லை என்று வார்விக் பப்பில் எல்லார் முன்னாலும் சத்தியம் பண்ணினான். வார்விக் என் பழைய புருஷன். சண்டைக்காரன்தான், ஆனால் பொய் சொல்லமாட்டான் என்று நம்பியிருந்தேன்.

அந்த நோயைக் கொடுக்கும் கிருமியில் இரண்டு உள்வகை. ஒன்று பெரும்பாலும் குடலில் சும்மா கிடக்கும். இன்னொன்று காளையிடமிருந்து பசுவுக்குத் தொற்றிக் கருவைக் கெடுக்கும். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. கிளைசின் என்ற அமினோ அமிலம் கலந்த வளர்ப்புத் தட்டில் விட்டால் குடல்காரன் வளருவான், மற்றவன் வளரமாட்டான். அதாவது ஒன்றும் முளைக்காத தட்டுதான் சாட்சி. ஒன்றும் முளைக்காமல் செய்ய எத்தனை வழி இருக்கிறது!

"அதே தட்டுல நம்மகிட்ட இருக்கிற குடல் வகையையும் விட்டியா?"

"போன வாரத் தட்டுல விட்டேனே, நல்லா வளந்துச்சு."

"அது வேற தட்டு. இதுல கிளைசினை அள்ளிக் கொட்டியிருந்தா எதுதான் வளரும்?"

"பழைய வீட்டுக்காரருக்கு வக்காலத்தா?"

"நீ மட்டும் உன் சித்தப்பாவுக்கு வாங்கலையாக்கும்!"

கிளைசினை நானே நிறுத்து, புதுத் தட்டை நானே ஊற்றினேன். பாதித் தட்டில் குடல் வகை, பாதியில் காளையிடம் எடுத்த கிருமி. இன்குபேட்டரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் குடல் வகை செழிப்பாக இருந்தது. காளையின் பாதி வெறிச்சென்று கிடந்தது.

ஒருவேளை காளையின் கிருமி செத்துப்போயிருக்குமோ? இன்னொரு கிளைசின் தட்டோடு, கிளைசின் இல்லாத தட்டிலும் சேர்த்து விட்டேன். இன்னும் மூன்று நாள். அதில் மளமளவென்று வளர்ந்திருந்தது. கிளைசின் தட்டில் மட்டும் மறுபடியும் ஒன்றுமில்லை. காளைக்கு அந்த நோய் உண்டு என்பதில் சந்தேகப்பட இனி எதுவும் பாக்கியில்லை.

வார்விக்குக்குப் போன் போட்டேன்.

"மூணு தடவையும் அதே முடிவுதான்."

"மூணு தடவையா? என்னை மாட்டிவிட அவ்வளவு ஆசையாடி உனக்கு?"

"மாட்டிவிடணும்னா முதல் தடவையே போதுமேடா மடையா! நீ சத்தியம் பண்ணினியே, அதை நம்பித்தான் திரும்பத் திரும்பப் போட்டேன்."



"நீ ஒரு தடவையோட விட்டிருந்தா, பழைய கோவத்துல நீ பண்ணினதுன்னு ஊர்ல சொல்லியிருப்பேன்," என்றான். "இப்ப எந்த மூஞ்சியோட சொல்றது? போன நவம்பர்ல ரெண்டு நாள் என் காளை க்ளெமோட மந்தைலதான் நின்னுச்சு, நோலீன். யாரும் பாக்கறதுக்குள்ள நானே போய் ஓட்டிட்டு வந்தேன்."