மொட்டை மாடி வால்வு

குழாயைத் திறந்தால் முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு இருமல். அதற்கும் பிறகு, மனமிருந்தால், நூல் போலத் தண்ணீர் இறங்கும். மேல்மாடிக்காரர் அந்த நூலுக்கடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். சிமெண்டு மூட்டை சுமக்கிறவர் அவர். வியர்வையில் ஊறின சிமெண்டு கழுத்திலும் அக்குளிலும் பிடித்துக்கொண்டு எரிந்தது. அரைகுறையாக நனைந்தால் இன்னும் மோசம். தோல் சுவர் மாதிரி இறுகிப்போகும்.

"இன்னுமா முடியல? உள்ள என்ன, சாந்து கொழைக்கிறீங்களா?" என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

"கொழைக்கவும் தண்ணி வேணாமா?"

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தரைத்தளத்தில் பேட்டரிக்கடைக்காரர் குடும்பம். நடுவில் பஸ் கண்டக்டர் குடும்பம். மூன்று வாடகை வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே தொட்டி. அதிலிருந்து இறங்கும் குழாய் மூன்றாகப் பிரியும். பிரிகிற இடத்தில் வீட்டுக்கு ஒரு வால்வு. தொட்டியை ஒட்டியே, போதிய இறக்கமில்லாமல் இருப்பதால் மேல்மாடிக்குத்தான் வேகம் குறைவு. கீழே திறந்தார்களென்றால் மேலே சுத்தமாக நின்றுவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "உங்களுக்கு மட்டுந்தான் குறை. மத்தவங்க வாயத் திறக்கலையே?" என்று போனை வைத்துவிடுவார். மூன்று வீட்டாரிடமும் அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது யாருக்கும் தெரியாது. படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் ஆத்திரத்தில் மேல்மாடிக்காரர் ஸ்பேனரோடு ஏறி, தரைத்தள வீட்டு வால்வை மூடினார். குளிக்கிற வரைக்கும்தான் என்று நினைத்தார். குழாயில் தண்ணீர் கொட்டிற்று. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. வேலையிலிருந்து வந்ததும், காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் ஏறுவார், மூடுவார். குளித்து, டிரம்மெல்லாம் நிரம்பின பிறகு, நினைவு வந்தால் போய்த் திறப்பார்.

அன்றைக்கு வால்வு முரண்டு பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை இறுக்கினார். உள்ளே ஏதோ 'மடக்' என்றது. பொருட்படுத்தாமல் இறங்கிவிட்டார்.

தலையில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது கீழே வெடிச்சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓர் அலறல்.

"ஐயோ, கண்ணு! கண்ணு எரியுதே!"

பேட்டரிக்காரர் முற்றத்தில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வெடித்து, ஆசிட் முகத்தில் அடித்திருந்தது. அவர் மனைவி காலி டிரம்மைத் தள்ளிவிட்டு, குழாயை முழுக்கத் திருகினாள். அது பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.

"தண்ணி! யாராச்சும் தண்ணி கொண்டாங்களேன்!"

மேல்மாடிக்காரருக்கு மூடிவிட்டு வந்த வால்வு நினைவுக்கு வந்தது. இடுப்புத் துண்டோடு மாடிக்கு ஓடினார். வால்வைத் திருகினார். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மரை தேய்ந்த திருகு கைக்குத்தான் சுற்றியது, உள்ளே தண்ணீரை அடைத்திருந்த கதவு அசையவில்லை. "திறந்து தொலையேன்!" என்று அதை அடித்தார். கீழே அலறல் கூடியது.

பாய்ந்து இறங்கினார். வீட்டு டிரம்மிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் முகந்துகொண்டு படிகளில் விழுந்தடித்து ஓடினார். தரையில் முகத்தைப் பொத்திக்கொண்டு துடித்தவரின் கையை விலக்கி, கண்ணில் ஊற்றினார்.

"அண்டாவத் தூக்கிட்டு வாடி!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

கண்டக்டர் மனைவி குடத்தோடு வந்தாள். கண்டக்டர் வாசலில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "நிறுத்தாதீங்க! வண்டி வர்ற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கச் சொல்றாங்க!"

ஊற்றினார்கள். ஒரு வீட்டு டிரம் காலியானால் அடுத்த வீட்டிலிருந்து வந்தது. முற்றம் குளமாயிற்று.

வலது கண் தப்பியது. இடது கண்ணில் புகைமூட்டம் தங்கிவிட்டது. தண்ணீர் கொஞ்சம் முந்தியே பட்டிருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். அந்தச் சொல் மேல்மாடிக்காரரைத் தூங்கவிடவில்லை, சோறும் இறங்கவில்லை. பேட்டரிக்காரர் வீடு திரும்பிய அன்று, ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நலம் விசாரிக்க வந்த கண்டக்டரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே," என்றார் கட்டுப்போட்டிருந்தவர். "மொத பக்கெட்டு உங்களோடதுதான்னு இவ சொன்னா. நீங்க இல்லேன்னா..."

"அப்படிச் சொல்லாதப்பா. உங்க வால்வ மூடினதே நான்தான்."

பேட்டரிக்காரர் மனைவி எழுந்தாள்.

"மேல பூட்டிட்டு வந்து கீழ ஊத்தினீங்களா? நல்ல மனசுண்ணே உங்களுக்கு. புண்ணியமாப் போகட்டும்!"

அவர் தலை கவிழ்ந்தார். ஸ்பேனர் கையில் கனத்தது. எந்த மூட்டையும் அவருக்கு அப்படிக் கனத்ததில்லை.

"அவரத் திட்டாத," என்றார் பேட்டரிக்காரர் மெதுவாக. "அவங்க வீட்டு வால்வ ரொம்ப நாளா பாதி மூடி வச்சது நான்தான். முழுசா மூடினா தெரிஞ்சிடும்னு பாதி. அதனாலதான் அவருக்கு நூலு மாதிரி வந்துச்சு."

கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"உங்க ரெண்டு வீட்டு வால்வையும் நானும் தொட்டிருக்கேன்," என்றார். "மாடியில எனக்கு என்ன, காத்து வாங்கவா போனேன்?"

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. பேட்டரிக்காரர் மனைவி புருஷன் கண்ணில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அன்னைக்கு இந்தக் கட்டடத்துல தண்ணிக்கு என்ன குறைச்சல்? மேல ரெண்டு வீட்டு டிரம்முலயும் தளும்பிக்கிட்டு நின்னுச்சு. குழாயிலதான் இல்ல. அடுத்த வீட்டுத் தண்ணிய மூடினா நமக்கு நெறையும்னு நெனச்சோம். ஒரு கண்ணு போச்சு. ஒருத்தர் கதவ ஒருத்தர் தட்டி, 'உங்களுக்கு வருதா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். அதக் கேக்காத வீட்டுல எத்தனை டிரம் இருந்து என்ன?"

மேல்மாடிக்காரர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, வீட்டுக்காரரை அழைத்தார். வால்வு உடைந்ததையும் தண்ணீர் வராததையும் சொன்னார்.

"உங்களுக்கு மட்டுந்தான்யா எப்பவும் குறை," என்றது போன். "மத்தவங்க வாயத் திறக்கலையே?"

"மத்தவங்களும் இங்கதான் உக்காந்திருக்கோம்," என்றார் பேட்டரிக்காரர். "இனிமே மூணு வீடும் சேர்ந்துதான் பேசும்."