மார்கழியில் காலியாகாத மண்டபம்

பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் பிள்ளையார் இருந்தார். பழைய தளபாடக் கிடங்கு அது. மேல் மாடிகள் பூட்டிக் கிடக்க, கீழ்த்தளத்தை எங்கள் சங்கம் வாடகைக்கு எடுத்து மண்டபமாக்கியிருந்தது. வெள்ளிக்கிழமைப் பூசையும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் அங்கேதான் நடந்தன.

ஒரு கம்பனி அந்தக் கட்டடத்தை வாங்கி, மாணவர் தங்கும் அறைகளாக மாற்றப் போவதாகச் சொன்னது. அதற்குக் கடன் கொடுத்தது ஒரு வங்கி. அந்த வங்கிக்காகக் கடன் ஒப்பந்தத்தை எழுதியவள் ஜெனனி.

ஜெனனி பலெர்மோவில் பிறந்த எங்கள் பிள்ளை. லிபெர்த்தா வீதியில் பெரியதொரு அலுவலகத்தில் சட்டத்தரணி. ஆனால் அவள் நீதிமன்றப் படி மிதிப்பதே குறைவு. காற்றாலை, சூரிய மின்தோட்டம், துறைமுகம், மாடிக்கட்டடம் என்று யாராவது பெரிதாக ஒன்றைக் கட்டப் புறப்பட்டால், எதெது சரியாக நடந்த பிறகு வங்கி பணத்தை விடலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. தாய் புனிதமலரிடம் கேட்டால், "என்ரை மகள் காத்துக்கும் வெயிலுக்கும் காணி உறுதி எழுதுறாள்" என்பாள்.

பல வருடம் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வேலை செய்த ஜெனனிக்கு, தானே முன்னின்று நடத்தக் கிடைத்த முதல் ஒப்பந்தம் இது. இது நல்லபடியாக முடிந்தால் புது வருடத்தில் அவளை அலுவலகப் பங்காளியாக்கச் சொல்வேன் என்று மேலதிகாரி கியாரா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கோயிலுக்குத் தானும் போகிறவள் என்பதை ஜெனனி முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டாள். "சொன்னது நல்லது. அவர்களுக்கு வேறு சட்டத்தரணி இருக்கிறார். நீ வங்கியின் பக்கம்" என்றார் கியாரா.

ஜெனனி எழுதிய நிபந்தனை இதுதான்: வருடம் முடிவதற்குள் கட்டடம் முழுதும் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் வங்கி கடனை நிறுத்தலாம். அதற்குள் மண்டபத்தை விட்டுத் தருவதாகச் சங்கத் தலைவர் செல்வராசா தம் பங்குக்குக் கையெழுத்து வைத்தார். பல்லரோ சந்தைப் பக்கம் புது இடமும் பார்த்தாயிற்று.

நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு ஜெனனி மண்டபத்தைப் பார்க்கப் போனாள். கதிரை இல்லை, அண்டா இல்லை, கரும்பலகை இல்லை. பிள்ளையார் மட்டும் பட்டுக் கட்டி, பூ வைத்து, விளக்கெரிய அதே இடத்தில் இருந்தார்.

"மாமா, இவர் ஏன் இன்னும் இஞ்சை?"

"மார்கழி எல்லோ பிள்ளை. மார்கழியிலை ஆரும் புது இடத்திலை சாமி வைப்பினமே?" என்றார் செல்வராசா.

சங்கச் செயலாளர் கீர்த்திகன், சட்டத்தரணி என்று அவளை இத்தாலியனில் கூப்பிட்டுச் சிரித்தான். "பிள்ளையாருக்கு இன்னும் வதிவிடப் பெர்மெசோ வரேல்லை, அவ்வொகாத்தா. தை பிறந்தாத்தான் குடுப்பினமாம்."

ஜெனனிக்குச் சிரிப்பு வரவில்லை. "கையெழுத்து வைக்கேக்கை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

"திகதி போட்டது ஆர்? நீதானே. வெள்ளைக்காரன் போட்டிருந்தா நான் ரெண்டு தரம் கேட்டிருப்பன். எங்கடை பிள்ளை போட்டது, பஞ்சாங்கம் பாத்துத்தான் போட்டிருப்பாள் எண்டு விட்டிட்டன்."

நீங்களே சொல்லுங்கள், இதில் யாரைக் குறை சொல்வது? பிழையென்றால் பெரியவர்கள் சொல்வார்கள் என்று அவள் இருந்தாள். பிள்ளைக்குத் தெரியும் என்று அவர்கள் இருந்தார்கள். சின்ன வயதில் மார்கழிக் குளிரில் தாய் எழுப்பிக் கோயிலுக்கு இழுத்துப் போனதை அவள் மறக்கவில்லை. ஆனால் அலுவலகக் கதிரையில் இருக்கும்போது அது அவளுக்கு டிசெம்பர் மட்டும்தான்.

"உனக்கேதும் பிரச்சினையோ?" என்று கேட்டார் செல்வராசா. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பங்காளியாகப் போவதையும் சேர்த்து.

கிழவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினார். "கீர்த்திகன், ஐயருக்குப் போன் அடி. நாளைக்கே தூக்குவம். பிள்ளையார் கோவிச்சா என்னோடை கோவிக்கட்டும்."

ஒரு "ஓம், செய்யுங்கோ" போதும். ஜெனனிக்கு வாய்வரை வந்ததாம். ஆனால் பிறகு யாராவது வேலையிழந்தால், யாருக்காவது நோய் வந்தால், மார்கழியில் தூக்கினோமே என்று இவர்கள் உள்ளுக்குள் நினைப்பார்கள். அவளிடம் ஒருநாளும் சொல்லமாட்டார்கள். அதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

"வேண்டாம் மாமா. நான் கதைக்கிறன்."

அடுத்த நாள் கியாராவையும் வைத்துக்கொண்டு, மார்கழியில் சாமியை இடம் மாற்றுவதில்லை என்று வங்கிக்காரரிடம் சொன்னாள். அவர் பலெர்மோக்காரர், நிதானமான மனிதர்.

"இது சட்டமா?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஒப்பந்தத்தில் இருக்கிறதா?"

"இல்லை. இருந்திருக்க வேண்டும். திகதி போட்டது நான், கேட்காமல் விட்டதும் நான். அவர்கள் மேல் குறையில்லை."

மேசைக்குக் கீழே கியாராவின் சப்பாத்து அவள் காலைத் தட்டியது. ஜெனனி நிறுத்தவில்லை. "கூரையிலிருந்துதான் வேலை தொடங்குகிறார்கள். கீழ்த்தளத்துக்கு வர மார்ச் ஆகும். யூலையில் ஊர்க் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் தேர் வரும் தெருவில் அன்றைக்குப் பள்ளம் வெட்ட நீங்கள் திகதி போடுவீர்களா? அதுவும் எந்தச் சட்டத்திலும் இல்லை."

வங்கிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அம்மாவே என்னைக் கொன்றுபோடுவாள்" என்றார். ஜனவரி முடிவுவரை தவணை கிடைத்தது.

வெளியே வந்ததும் கியாரா மெல்லச் சொன்னார்: "இந்த முறை பங்காளியாக்க உன் பெயரை நான் சொல்ல முடியாது. திகதியைத் தவறவிட்டவள் என்பார்கள்."

"தெரியும்."

"அடுத்த முறை என்றும் வாக்குத் தர மாட்டேன்."

"அதுவும் தெரியும்" என்றாள் ஜெனனி. அன்றைக்குப் பின்னேரம் ஒரு காற்றாலைக் கடனின் வரைவு அவள் மேசையில் கிடந்தது. கதிரையை இழுத்துப் போட்டு அதைப் படிக்கத் தொடங்கினாள்.

தைப்பொங்கல் கழிந்து நல்ல நாள் பார்த்து, ஐயர் கும்பத்தில் ஆவாகனம் செய்ய, பிள்ளையார் புது இடத்துக்குப் புறப்பட்டார். மண்டபம் காலி என்று எழுத வங்கிக்காரரோடு ஜெனனியும் வந்திருந்தாள்.

"இப்ப நீ ஆற்றை ஆள் பிள்ளை? வங்கியோ, நாங்களோ?" என்று பகிடி விட்டார் செல்வராசா.

"இண்டைக்கு வங்கி மாமா. வெள்ளிக்கிழமை உங்கடை ஆள். மோதகம் எடுத்து வையுங்கோ."

எல்லோரும் பிள்ளையாரோடு போன பிறகு அவளும் வங்கிக்காரரும் சுவரோரமாகச் சுற்றிப் பார்த்தார்கள். விளக்கு நின்ற இடத்தில் சீமெந்துத் தரையில் எண்ணெய் ஊறிக் கறுத்து, வட்டமாக இருந்தது. வங்கிக்காரர் சப்பாத்து நுனியால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"இதை என்னென்று எழுதுவது?"

"ஒன்றும் எழுத வேண்டாம்" என்றாள் ஜெனனி. "அது கட்டடத்தோடு சேர்ந்தது."