நாற்பத்திரண்டு ஹேண்ட்ஸ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மேதாவித்தனத்தைக் காட்டுவதற்கு ஒரு பெரிய சொல்லைத் தேடி ஆங்கில அகராதியைப் புரட்டியபோது பிறந்த கதை இது. பெரிய சொல் கிடைக்கவில்லை, 'ஹேண்ட்' கிடைத்தது. கை என்று பொருள் போட்டு அத்தோடு விட்டார்களா? கடிகார முள்ளும் ஹேண்டாம். ஒருவருடைய எழுத்தின் சாயலும் ஹேண்டாம். சீட்டாட்டத்தில் வந்து விழுந்த சீட்டுகள், பெண் கேட்டுப் போகிறவன் கேட்பது, சபை தட்டுகிற கைதட்டல் எல்லாம் அதேதான். ஏழாவதாக ஒன்று: ஆலையில் கூலிக்கு வேலை செய்பவர். முழு ஆள் எதிரே நிற்க, கையை மட்டும் எண்ணிக்கொள்கிற சொல்.

அந்த ஏழாவதில்தான் பூமாலை வந்து உட்கார்ந்தாள். எழுப்ப முடியவில்லை.

2

1938, திண்டிவனம். மாசி மாதத்து வெயில் மெல்ல

(அடித்துவிட்டேன். வெயிலில் தொடங்கிய என் கதைகள் எல்லாம் காய்ந்தே போயிருக்கின்றன.)

திண்டிவனத்து மல்லாட்டை ஆலையில், அதாவது வேர்க்கடலை ஆலையில், நாற்பத்திரண்டு பெண்கள் பருப்பு பொறுக்கினார்கள். சொத்தை, பூஞ்சை, கல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நல்லதை மூட்டையாக்கித் தைப்பது வேலை. ரைட்டர் சீனுவாசன் பதிவேட்டில் தினமும் ஒரே வரி எழுதுவார்: 'ஹேண்ட்ஸ் – 42'. பெயர் கிடையாது.

(நானும் ரைட்டர்தான். நாற்பத்திரண்டு பேரில் இரண்டு பேருக்குத்தான் பெயர் வைத்திருக்கிறேன். சீனுவாசனைத் திட்ட எனக்கு வாயில்லை.)

ஒரு நாள் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மூன்று மூட்டைகள் திரும்பி வந்தன. உள்ளே பாதி சொத்தை. இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார் மேனேஜர் கோதண்டபாணி. எந்த இரண்டு பேர்? பெயர் இருந்தால்தானே கேட்பதற்கு. ரைட்டர் வாசலோரம் இருந்த இருவரைக் காட்டினார்: பூமாலை, பக்கத்தில் குப்பம்மாள். குப்பம்மாளின் இந்த ஒரு வேலையில்தான் ஆறு வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

3

பூமாலை தேம்பித் தேம்பி

(இல்லை. மூன்று முறை அழவைத்துப் பார்த்தேன். பேனாவை முறைக்கிறாள்.)

"ஏய், இன்னா நின்னுகினு கீறே? ஜல்தியா கெளம்பு," என்றார் சீனுவாசன்.

"கெளம்பறேன் ரைட்டரே. அந்த மூட்டையை ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்."

"பாத்து? மூட்டை பேசுமா?"

"எங்க மூட்டை பேசும்."

குப்பம்மாள் அவள் முந்தானையை இழுத்தாள். "அடியே, வாயை மூடிக்கினு வாடி. கேப்பைக் கொல்லைக்காவது நாளைக்குக் கூப்புடுவாங்க."

"நீ சும்மா இரு, அக்கா."

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. மூட்டையின் வாயைத் தைத்தவள், தன் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவிக் கடைசித் தையலில் முடிந்துவைப்பாள்.* சரக்குக்குக் கண்பட்டுக் கப்பல் கவிழக் கூடாது என்று யாரோ தொடங்கியது. ரைட்டர் கண்ணில் அது பட்டதே இல்லை.

பூமாலை மூன்று மூட்டைகளின் வாயையும் விரலால் தடவினாள். கோணல் தையல். நூல் இல்லை.

"எசமான், இது எங்க தையலே இல்லீங்க. போற வழியில விழுப்புரத்து ஏஜெண்டு கொடவுன்ல ரெண்டு நாள் கெடந்துச்சே, அங்க யாரோ பிரிச்சி, சொத்தையைக் கொட்டித் தைச்சிருக்காங்க. எங்களுதுல நூல் இருக்கும். பாருங்க."

கோதண்டபாணி, அனுப்பத் தயாராக அடுக்கியிருந்த மூட்டைகளிடம் போனார். முதல் மூட்டையில் பச்சை நூல்.

"இது யாருது?"

"என்னுதுங்க!" பின்னால் ஒரு பச்சைச் சேலை எழுந்தது.

அடுத்தது அரக்கு. அடுத்தது மஞ்சள். ஒரே நிறத்தில் இருவர் என்றால் முடிச்சு வேறாக இருந்தது. ஒவ்வொரு நூலுக்கும் ஒருத்தி எழுந்தாள். கடைசியில் அந்த ஆலையில் உட்கார்ந்திருந்தவர் சீனுவாசன் ஒருவர்தான்.

"சரி சரி. ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க," என்றார் மேனேஜர்.

பூமாலை நகரவில்லை. "பாக்குறோங்க. அதுக்கு முன்னாடி அந்த நோட்டுல எங்க பேரை எழுதச் சொல்லுங்க. நாளைக்கு ஒரு தப்பு வந்தா யாருன்னு கண்டுபுடிக்கத் தோதா இருக்கும், இல்லீங்களா?"

கோதண்டபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதுய்யா."

"எல்லாத்தையுமா சார்?"

"நாப்பத்திரண்டையும்."

ரைட்டராக வந்த ஐந்து வருஷத்தில் முதல்முறையாகச் சீனுவாசன் கேட்டார்: "பேரு இன்னா?"

"பூமாலை. எழுதினதைப் படிச்சிக் காட்டுங்க."

படித்தார். குப்பம்மாள் முண்டியடித்து முன்னால் வந்தாள். "என் பேரை ரெண்டு வாட்டி படிங்க ரைட்டரே. இன்னிக்குத்தான் பேரு வெச்சாப்ல கீது!"

* நூலை உருவினால் சேலை வீணாகாதா என்பீர்கள். ஆகும். அந்த ஆலையில் முழுசான முந்தானை ஒன்றுகூடக் கிடையாது.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பூமாலை மேஸ்திரி ஆகிறாள். இன்னொன்றில் விழுப்புரத்துக் கள்ளன் அகப்படுகிறான். இரண்டையும் கிழித்துப்போட்டேன், அவள் கேட்டது இரண்டுமே இல்லை.

பதிவேட்டில் இரண்டு வரி ஏறியிருக்கிறது. மீதி நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், தலை நிமிர்ந்து, பிய்ந்த முந்தானையோடு. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. இந்தாருங்கள், பேனா. உங்களுக்குத் தெரிந்த பெயர்களை எழுதுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அதுவரை அவர்கள் உட்காரமாட்டார்கள்.