முயல் இல்லாத பால்கனி

இந்த மூலையில் மிஷின். வெளிச்சம் இடது கைப்பக்கமிருந்து விழும், ஊசிக்கண் நன்றாகத் தெரியும். நூல்கண்டுகளை ஜன்னல் விளிம்பில் அடுக்கிக்கொள்ளலாம். சமையலறை ஸ்டூலே போதும். உட்கார்ந்து செய்கிற வேலை. உட்கார்ந்து.

அந்தச் சொல்லை, மிட்டாயைக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிக்கொள்வதுபோல, அவள் மனதுக்குள் புரட்டிக்கொண்டே பால்கனியைக் கூட்டினாள். எவ்வளவு கூட்டினாலும் கம்பிக் கூண்டின் இடுக்கிலிருந்து இன்னும் நாலு புழுக்கை உருண்டு வந்தது.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். பகல் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலம் வீடு வருவதற்குள் கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். கடை முதலாளியம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"பின்னாடி ஒரு தையல் மிஷின் சும்மா கிடக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு. ஜிப் மாத்துறது, பேன்ட் மடிச்சுத் தைக்கிறது எல்லாத்தையும் உனக்கே அனுப்புறேன். ஆனா சனிக்கிழமைக்குள்ள எடுத்துடணும். என் தம்பி பொண்டாட்டி வேற கேட்டுட்டு இருக்கா."

ஒரு ஹால், ஒரு அறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சமையலறை. மிஷினுக்குப் பால்கனியை விட்டால் வேறு இடமில்லை. பால்கனியிலோ முயல்கள்.

கொண்டுவந்து விட்டவள் நாத்தனார். ஹாஸ்டலுக்கு மாறினாள், அங்கே எதையும் வளர்க்கக் கூடாதாம். "ரெண்டே வாரம் அண்ணி. ரெண்டும் பொண்ணுதான், சாதுவா கிடக்கும்" என்றாள். மகள் வெள்ளைக்கு மாவு என்றும் சாம்பல் நிறத்துக்கு ராணி என்றும் பேர் வைத்தாள். ரெண்டு வாரம் எப்போதோ போய்விட்டது. ஒருநாள் மகள் ஓடிவந்து, "அம்மா, மாவு தன் முடியைத் தானே பிச்சுப் போடுறா" என்றாள். மறுநாள் காலை அந்த முடிக் குவியலுக்குள் கட்டைவிரல் அளவில் ஐந்து உயிர்கள் நெளிந்தன. ராணி ஒன்றும் தெரியாதவன்போல ஓரமாக உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். பேர் மட்டும் மாறவில்லை.

குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடித்துவிடும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது ஈற்றுக்குப் பிறகுதான் கால்நடை டாக்டரம்மா எடுத்துச் சொன்னாள். கருத்தடை ஆபரேஷனைப் பெண்ணுக்குச் செய்வதைவிட ஆணுக்குச் செய்தால் செலவு குறைவு. அந்த மாதம் மகளுக்குச் செருப்பு வாங்குவது தள்ளிப்போனது, இவள் பஸ்ஸை விட்டுக் கடைக்கு நடந்தாள், ராணிக்கு ஆபரேஷன் ஆனது. "ஒன்றரை மாசம் தனியா வைங்க" என்று டாக்டரம்மா சொன்னதை வீட்டில் வந்து அவள் சொன்னாள். புருஷனும் தலையாட்டினான். ஆனால் அட்டைப்பெட்டியில் தனியாகக் கிடந்த ராணி தீவனத்தைத் தொடாமல் கம்பிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை அவனால் தாங்க முடியவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் எடுத்து உள்ளே விட்டுவிட்டான்.

"ஆபரேஷன்தான் ஆயிடுச்சே, இனிமே என்ன?" என்றான்.

மூன்றாவது ஈற்றில் ஆறு.

"டாக்டர் ஏமாத்திட்டாங்க" என்று அவன் குதித்தபோது அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவன் குழாய் வேலை பார்க்கிறவன்.

"வால்வை மூடின பிறகும் பைப்புல நிக்கிற தண்ணி கொஞ்ச நேரம் வருமே, அது ஏங்க?"

  அவன் கூண்டைப் பார்த்து, "ஆளு கில்லாடிதான்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகை வரப் பார்த்தது. எழுந்துபோய்த் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தீவனம்தான். காய்கறிக் கடையில் ஒதுக்கிப்போட்ட கோலிஃபிளவர் இலையையும் முள்ளங்கித் தழையையும் அவள் பையில் அமுக்கி எடுத்து வருவாள். "என்னக்கா, வீட்டுல மாடு கட்டியிருக்கீங்களா?" என்பான் கடைக்காரன். "மாடுன்னா பாலாவது குடுக்கும்" என்பாள் அவள்.

குட்டிகளுக்கு வீடு தேடுவது அதைவிடப் பாடு. கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மடியில் மல்லாத்திப் போட்டு ஆணா பெண்ணா என்று பார்க்க இப்போது அவளுக்கே கை பழகிவிட்டது. ஒருவன் வந்து குட்டியைத் தூக்கிப் பார்த்து, "வளர்ந்தா எத்தனை கிலோ வரும்?" என்று கேட்டான். "அது வேற ஒருத்தருக்குச் சொல்லியாச்சு" என்று வாங்கிக் கூண்டில் விட்டாள். அன்றைக்கு அது பொய். மறுநாள் சலவைக் கடைக்கு வந்த டீச்சர் ஒருத்தி கேட்டு எடுத்துப்போனதும் அந்தப் பொய் தீர்ந்தது.

கடைசிக் குட்டியும் வெள்ளிக்கிழமை போய்விட்டது. மாவும் ராணியும் மட்டும் மிச்சம். அவர்களைச் சின்னக் கூண்டில் போட்டு, சமையல் மேடைக்கு அடியில், சிலிண்டருக்குப் பக்கத்தில் தள்ளினாள். ஆளுக்கு ஒரு முறை திரும்பிப் படுக்க இடமிருந்தது. நமக்கும் அவ்வளவுதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் புருஷனும் கடைப் பையன் ஒருவனும் மிஷினைத் தூக்கிவந்து வைத்தார்கள். அவள் எண்ணெய் விட்டாள். பழைய துணி ஒன்றைக் கொடுத்து மிதித்தாள். நரம்புகள் வலிக்கத்தான் செய்தன. ஆனால் உட்கார்ந்த வலி.

முதல் பேன்ட்டின் ஓரம் பாதி போயிருக்கும். நாத்தனார் வந்தாள். கையில் பழப்பெட்டி ஒன்று, மேலே ஓட்டை போட்டது. உள்ளே பிறாண்டும் சத்தம்.

"வாம்மா" என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.

"அட, பால்கனியா இது! பளிச்சுன்னு இருக்கே அண்ணி."

"பெட்டியில என்ன அத்தை?" என்றாள் மகள்.

நாத்தனார் பெட்டியை மிஷின் பலகைமேல் வைக்கப் போனாள், இடமில்லாததால் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "முதல் ஈத்துல எங்க மேனேஜர் வீட்டுக்குக் குடுத்தோமே, அந்த ரெண்டுல ஒண்ணு. வயித்தைப் பார்த்துட்டு அவர் வீட்டம்மா கத்து கத்துன்னு கத்துறாங்க. ரெண்டும் பொண்ணுன்னு பொய் சொல்லிக் குடுத்தேனாம்."

"ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு, தனித்தனியா வைக்கச் சொல்லுன்னு உங்கிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா ரெண்டும் ஒண்ணாத் தூங்குறப்ப அவ்வளவு அழகா இருந்துச்சு, எப்படிப் பிரிக்கச் சொல்றது?" அவள் குரல் இறங்கியது. "ரெண்டே வாரம் அண்ணி. குட்டி போட்டதும் நானே ஆள் பார்த்துடறேன். ஹாஸ்டல்ல தெரிஞ்சா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. எனக்கு வேற யாரு இருக்கா?"

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லி வந்திருக்கிறாள். இந்த வீட்டில் யாருக்கு எது கனத்தாலும் கொண்டுவந்து இறக்குகிற இடம் அவள்தான். இறக்கிவிட்டுப் போகிறவர்கள் கெட்டவர்களில்லை. கை வலிக்கிறது, இறக்குகிறார்கள்.

பெட்டியின் ஓட்டையில் ஒரு காது தெரிந்தது. நுனியில் பழுப்பு. குளிர்ந்து விறைத்துக் கிடந்ததை உள்ளங்கையில் பொத்தி, வாயால் ஊதி ஊதிச் சூடேற்றி இவள் பிழைக்க வைத்த குட்டி.

புருஷன் அவள் முகத்தைப் பார்த்தான். "மிஷினை வேணும்னா கொஞ்ச நாள் மாடிப்படிக்குக் கீழ வச்சுட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தலையைச் சொறிந்தான்.

அவள் எழுந்தாள். நாத்தனாரின் முகம் மலர்ந்தது, பெட்டியை நீட்டினாள். இவள் சமையலறைக்குப் போய் வைக்கோல் பையில் பாதியை வேறொரு பையில் திணித்தாள். டாக்டரம்மாவின் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதற்குள் போட்டாள். திரும்பி வந்து பையை நாத்தனாரின் தோளில் மாட்டிவிட்டாள்.

"பெட்டியில இதை நிறைய போடு. முடியை அவளே பிச்சுப் போட்டுக்குவா, பயப்படாத. இன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணு. யாராவது கொஞ்ச நாள் வச்சுப் பார்த்துப்பாங்களான்னு கேளு, அவங்களுக்கு நாலு பேரைத் தெரியும்."

"அப்போ... இங்கே?"

பெட்டி இன்னும் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டியபடி இருந்தது. மகள் கை நீட்டப் போய், அம்மாவைப் பார்த்து, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இங்கே வேண்டாம்மா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நூல் அறுந்திருந்தது. நுனியை நாக்கில் ஈரமாக்கி, வெளிச்சத்துக்கு நேராகச் சாய்ந்து ஊசியில் கோத்தாள்.