நான்கு மணி வரிசை

மார்ச் விடுமுறைக்கு எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் ஃபுளோரிடா கடற்கரைக்குப் போனார்கள். நாங்கள் எட்டுப் பேர் ஒரு வேனில் வடக்கே பஃபலோ நகரத்துக்குப் போனோம். வீடில்லாதவர்களுக்கான காப்பகம் ஒன்றில் ஒரு வாரம் வேலை செய்வதாக ஏற்பாடு. பெயர்ப் பட்டியலை மூடிய பிறகு வந்து சேர்ந்தவள் ஷைலோ. எங்கள் குழுவை நடத்திய நோலனிடம் மூன்று நாள் விடாமல் கேட்டு இடம் வாங்கியிருந்தாள்.

அவளுடைய பைகளை வேனில் ஏற்றும்போது நோலனுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு வாரத்துக்கா, ஒரு வருஷத்துக்கா? வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"துணி துவைக்கச் சோம்பேறித்தனம்பா. இருக்கறதெல்லாம் அள்ளிப் போட்டுட்டேன்" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

காப்பகத்தை ஒட்டிய தேவாலயக் கூடத்தில் மடக்குக் கட்டில்களில் படுத்துக்கொண்டோம். காலையில் முட்டையும் ரொட்டியும் பரிமாற வேண்டும். பிறகு படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்க வேண்டும். நாங்கள் ஆளாளுக்கு அங்கே தங்கியிருந்த ஒவ்வொருவரிடமும் போய் "எந்த ஊரு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஷைலோ யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஈரக் காலோடு உள்ளே வருகிறவரைப் பார்த்ததும் உலர்ந்த காலுறையை எடுத்து நீட்டினாள்.

புதன்கிழமை சலவை அறையில் நானும் மிஸ் வெர்னாவும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். முழங்கால் போய், வேலை போய், நாலு மாதமாகக் காப்பகத்தில் இருந்தார்.

"மேகி, உன் சிநேகிதிக்குப் போக இடம் இல்ல. தெரியுமா உனக்கு?"

"ஷைலோவுக்கா? ஹாஸ்டல்ல இருக்காளே."

"ஹாஸ்டல் இப்பத் தொறந்திருக்கா?"

விடுமுறைக்குப் பூட்டியிருந்தார்கள். அதை நான் யோசித்ததே இல்லை.

"எடுத்து வளர்த்தவங்க பதினெட்டு வயசு ஆனதும் அனுப்பிட்டாங்களாம். அவ வாயிலேர்ந்து வந்தது அவ்வளவுதான். ஞாயித்துக்கிழம எந்த லைப்ரரி தொறந்திருக்கும்னு எங்கிட்ட கேக்கறா. படிக்கறதுக்கா கேக்கறா? பகல்ல ஒதுங்க எடம் தேடறான்னு எனக்குத் தெரியாதா என்ன?" விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். "உங்க வீட்டுல எடம் இருக்கா?"

"அண்ணன் ரூம் காலியாத்தான் இருக்கு."

"அப்போ கோடை லீவுக்கு அவளக் கூட்டிட்டுப் போ. தனியாப் போரடிக்குதுன்னு சொல்லு. நான் சொல்லித் தெரியும்னு மட்டும் மூச்சு விட்டுடாத."

செய்ய வேண்டியது அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. மதியமே நோலனைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. "நீ சொன்னது நல்லதாப் போச்சு மேகி. நாம ஏதாவது பண்ணியே ஆகணும்" என்றான். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து அன்றைய அனுபவத்தைப் பேசுவோம். அன்று நோலன்தான் ஆரம்பித்தான்.

"வீடில்லாதவங்களத் தேடி இவ்வளவு தூரம் வந்தோம். ஆனா அந்தக் கஷ்டம் நம்ம கூடவே, இதே வேன்ல வந்திருக்கு. ஷைலோ, நீ தனியா இல்ல. நாங்க இருக்கோம்."

எல்லோரும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். ஷைலோ கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்வை என்னிடம் வந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல முட்டை பரிமாறினாள். யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள். இன்னொருத்தி அவள் தட்டில் இரண்டு ரொட்டி அதிகம் வைத்தாள். அவள் அதைத் தொடவில்லை. பதினோரு மணிக்கு மேல் அவளைக் காணோம்.

காப்பகத்தில் அன்றைய படுக்கைகளுக்கு மாலை நான்கு மணிக்குப் பதிவு. வாசல் மேசையில் அன்று நான் இருந்தேன். பனி தூறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது ஆளாக ஷைலோ வந்து நின்றாள். எங்களுக்குக் கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட்டைக் கழற்றியிருந்தாள். இரண்டு பைகளும் காலடியில்.

"என்னடி இது? உள்ள வா" என்றேன்.

"பேர எழுதிக்கோ."

"ஷைலோ, கூடத்துல உன் கட்டில் இருக்கு. நான் வேணும்னு பண்ணல. உனக்கு நல்லது பண்ணலாம்னுதான்…"

"தெரியும். அங்க படுத்தா எல்லாரும் என்னையே பாப்பீங்க. இங்க யாரும் பாக்கமாட்டாங்க." குரலில் கோபமே இல்லை. "பின்னாடி ஆளுங்க குளிர்ல நிக்கறாங்க, மேகி. எழுது."

எழுதினேன். அவளுக்கு வந்தது பத்தொன்பதாம் எண் படுக்கை.

சனிக்கிழமை வேன் கிளம்புவதற்கு முன் நோலன் உள்ளே போய் ஷைலோவிடம் அரைமணி நேரம் கெஞ்சினான். தனியாகத்தான் திரும்பி வந்தான். மிஸ் வெர்னா வாசலில் நின்றிருந்தார். கையசைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஷைலோ கல்லூரிக்குத் திரும்பவில்லை. அந்தப் படிப்புப் பருவம் முடிய இன்னும் ஏழு வாரம்தான் பாக்கி இருந்தது. அவளுடைய தொலைபேசி எண் ஏப்ரலில் செயலிழந்தது. கல்லூரியில் நோலன் எழுதிய மனுவால் அடுத்த ஆண்டிலிருந்து விடுமுறையிலும் விடுதியில் ஒரு மாடியைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள்.

ஜூனில் நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு பஃபலோவுக்குப் போனேன். அம்மாவிடம் கேட்டு அண்ணனுடைய அறையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போனேன். மிஸ் வெர்னா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டா. மே மாசமே. ராச்செஸ்டர்ல ஏதோ ஓட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலைன்னு சொன்னா. விலாசம் தரல."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "எம்மேல ரொம்பக் கோவமா இருந்தாளா?"

மிஸ் வெர்னா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இல்ல கண்ணு. உன்னப் பத்தி அவ பேசவே இல்ல."